ஓட்ஸ் பிஸ்கட்டால் வந்த நோய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று ஓட்ஸ் சேர்த்து சாக்லேட் பிஸ்கட் செய்தேன். சாக்லேட் சிப்ஸ் இங்கே கிடைக்காததால் இரண்டு பெரிய சாக்லேட்டுகளைக் கத்தியால் நறுக்கிப் போட்டேன். என் வட்ட ஓவனில் நான்கு ஈடு. உள்ளங்கை அகலத்தில், ஓரம் முறுகலாக, நன்றாகவே வந்தது.

இன்று காலை எங்கள் தாவரவியல் துறைக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். துறைத்தலைவர் ஒன்றைக் கடித்துவிட்டு, "என்னங்க மேடம் போட்டிருக்கீங்க?" என்றார்.

"ஓட்ஸ்ங்க சார்."

அறையில் இருந்த எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஓட்ஸ் என்றால் கஞ்சி, கஞ்சி என்றால் நோயாளி.

"சுகருங்களா, பிரஷருங்களா?" என்றார் தலைவர்.

"ரெண்டும் இல்லீங்க. சுகர் இருக்கறவ இத்தனை சாக்லேட் போடுவாளுங்களா?"

"மறைக்காதீங்க மேடம். உடம்புதானுங்க முக்கியம்."

மதியம் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அடுத்த வாரம் மாணவர்களை டாப்ஸ்லிப் காட்டுக்கு அழைத்துப் போகும் என் பொறுப்பு, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன விரிவுரையாளருக்கு மாறியிருந்தது. அந்தப் பயணத்தின் அனுமதிக்காக வனத்துறை அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தவள் நான்.

நேரே தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"உங்க நல்லதுக்குத்தானுங்க. ஏத்தத்துல மயங்கி உழுந்துபோட்டீங்கன்னா நான் யாருக்குங்க பதில் சொல்றது?" என்றார். அப்போது அவர் கையில் இருந்தது நான்காவது பிஸ்கட்.

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை டால்டாவில் பொரித்த ஏதாவது கொண்டுபோனால், எனக்கு உடம்பு தேறிவிட்டதென்று நம்புவாரோ என்னவோ. நல்ல செய்முறை வைத்திருப்பவர்கள் இன்றைக்குள் எழுதுங்கள்.