ஷிஃப்டி

அந்தத் துணிக்கடை வாட்ச்மேனுக்கு எல்லாரும் வச்ச பேரு ரிப்போர்ட்டு. ஈ பறந்தாலும் நோட்டுல எழுதிருவாரு, அதுவும் இங்கிலீஷ்ல. பழைய டிக்‌ஷனரியில இருந்து ஆளுங்க நடக்குற தினுசுக்கு மட்டும் முப்பது வார்த்தை பொறுக்கி வச்சிருந்தாரு. காலைத் தேச்சு நடந்தா ‘ஷஃபிள்’. பம்மிப் பம்மி ஒதுங்கி வந்தா ‘சைடில்’. ஒரு இடத்துல இருப்புக்கொள்ளலைன்னா ‘ஃபிட்ஜெட்’. அதுக்கு அவரே உதாரணம். வீட்டுல பொண்டாட்டி கத்துவா, "சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர்வலம் கிளம்பிட்டீங்க?"

பில் போடுற அக்காவுக்கு முட்டி வலி. கடையில நின்னுக்கிட்டேதான் வேலை பாக்கணும். அதனால கால் மாத்திக் கால் மாத்தி நிப்பாங்க. பாவம், ஒரு ஸ்டூலாவது கிடைக்கட்டுமேன்னு ரிப்போர்ட்டு எழுதினாரு, ‘பில் லேடி ஆல்வேஸ் ஷிஃப்டி’. ஷிஃப்ட் ஆகிக்கிட்டே இருந்தா ஷிஃப்டிதானே?

மறுநாள் காலையில மேனேஜர் அந்த நோட்டைப் படிச்சுட்டு, அக்காவோட கைப்பையைக் கொட்டிப் பாத்தாரு. "இனிமே வேலைக்கு வர வேணாம், கிளம்பு"ன்னுட்டாரு.

அக்கா நேரா வாசலுக்கு வந்தாங்க. "அண்ணே, நான் திருட்டு முழி முழிக்கிறேன்னு எழுதினீங்களாமே?"

"நானா? எப்ப? அது வந்து... இரும்மா, லாரி வருது."

லாரியே நுழையாத சந்துக்குள்ள ஓடினாரு. அங்க நின்னு டிக்‌ஷனரியைப் புரட்டினா, ‘ஷிஃப்டி, நம்பத்தகாத, கள்ளத்தனமான’. உண்மையைச் சொன்னா இங்கிலீஷ் மானம் போயிரும். சொல்லலைன்னா அக்கா வேலை போயிரும். மேனேஜர் ரூமுக்குப் போற மாடிப்படியில ஏறினாரு, இறங்கினாரு, மறுபடி ஏறினாரு.

"என்னய்யா, உள்ள வர்றியா, வெளிய போறியா?" மேனேஜர் குரல்.

ரிப்போர்ட்டு உள்ள போனாரு. மேஜையைப் பிடிச்சு, முகத்தைச் சுளிச்சு, கால் மாத்திக் கால் மாத்தி நின்னு காட்டினாரு. "இப்படித்தான் சார் நிக்குறாங்க. வலி சார். திருட்டு இல்ல. எனக்குத்தான் அர்த்தம் தெரியல."

"அப்ப போன வாரம் ஒரு கஸ்டமரை ‘டாட்ஜி’, சந்தேகப்படுற ஆளுன்னு எழுதினியே?"

"வண்டி வந்துச்சு. ‘டாட்ஜ்’ பண்ணி ஒதுங்கினாரு சார்."

மேனேஜர் தலையில கை வச்சாரு. "அவங்களைக் கூப்பிடு. போ."

அக்கா தெருமுனை வரைக்கும் போயிட்டாங்க. ரிப்போர்ட்டு ஓடிப் போய் மூச்சு வாங்க நின்னாரு.

"எழுதினது நான்தான்மா. தப்பா எழுதிட்டேன்."

"இதை மேல சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"கடையில எல்லார் முன்னாடியும்தானே பையைக் கொட்டினாங்க? அங்கேயும் சொல்லுங்க." அக்கா காலை இழுத்துக்கிட்டுக் கடைப் பக்கம் திரும்பி நடந்தாங்க. ரிப்போர்ட்டு பின்னாலயே போனாரு.