நல்லாத் தூங்குற புள்ள

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் மெச்சினார்கள். "இன்னாமா தூங்குது இந்தப் புள்ள." மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைச் சுவரை ஒட்டி எங்கள் வீடு. காலையில் அந்தப் பக்கம் கட்டிங் மிஷின் போட்டால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர் ஆடும். அவள் தூளியில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். தெருவில் மற்ற பிள்ளைகள் வீறிட்டு அழும்போது என்னுடையது மட்டும் அசையாது. எனக்கு அதில் கர்வம். இப்போது அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்தப் பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் சிற்பி. "கல்லுல பொறந்த பொண்ணு, வேற எப்டி இருக்கும்" என்பார்.

பட்டறையில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு கல் சில்லை எடுத்து எதிராளியின் காலடியில் போடுவார்கள். அவர் நிமிர்ந்தால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட நான் ஒரு புளியங்கொட்டையை அவர் முன்னால் எறிவேன். மகளையும் அப்படித்தான் கூப்பிட்டோம். கொட்டை வந்து விழுந்ததைப் பார்த்ததும் டக்கென்று நிமிர்ந்து என் கையைப் பார்ப்பாள். பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள். தடவினேன். "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார்கள். நம்பினேன். எனக்கு நம்ப வேண்டியிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று உளி, சுத்தியல், மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தெரு அமைதியாக இருக்கும். நான் பொரித் தட்டோடு வீட்டுப் படி ஏறும்போது கை தவறி எவர்சில்வர் தட்டு வாசல் கல்லில் விழுந்தது. எதிர்வீட்டில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. மகள் கூடத்துப் பாயில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொரியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தட்டை எடுத்து நானே இன்னொரு முறை போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னாடி, பைத்தியம் புட்ச்சிகிச்சா?" என்று கேட்டார். நான் மகளின் முதுகைக் கை காட்டினேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகத்தான் போனேன். "எனுக்கு வேல கீது, நீ போய்ட்டு வா" என்றார் அவர். பயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பயத்தை யார் சுமப்பது? இரண்டு காதிலும் கேட்கவில்லை என்று சீட்டில் எழுதிக் காது மிஷின் கொடுத்தார்கள். தட்டைக் கீழே போட்டுப் பார்க்கக் கூடாது, தரை அதிர்ந்தால் பிள்ளை அதற்குத் திரும்பும், கையில் பிடித்துத் தட்ட வேண்டும் என்று அங்கே பரிசோதனை செய்த அம்மா சொல்லிக்கொடுத்தார். மிஷின் போட்ட பிறகும் அவளுக்கு ஒன்றும் பெரிதாக மாறவில்லை. இனி என்ன செய்வது என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. இதே மாதிரி பிள்ளை வைத்திருக்கிற ஒரு தாயைக்கூட எனக்குத் தெரியாது. பஸ்ஸில் எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்தால் முதலில் அதன் காதைத்தான் பார்ப்பேன்.

மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது பட்டறைக்குச் சிலை வாங்க ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். என் மகளின் காது மிஷினைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மண்டி போட்டு உட்கார்ந்தாள். தன் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்தில் வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது, அதிலிருந்து ஒரு ஒயர். மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அந்த அம்மா பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து ரயில் ஏறிப் பொத்தேரி போனேன். காலேஜ் பிள்ளைகள் இருக்கிற இடம், கம்ப்யூட்டரில் தேடித் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் ஒரு மாணவி எனக்காகத் தட்டிப் பார்த்தாள். காக்ளியர் இம்ப்ளான்ட். காதுக்குள் மிஷின் வைக்கிற ஆபரேஷன். சென்னையிலேயே செய்கிறார்கள். அவள் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"சின்ன வயசுலயே பண்ணணும்னு போட்டிருக்குக்கா. பேச்சு கத்துக்கற வயசுல. பாப்பாக்கு என்ன வயசு?"

"மூணு" என்றேன்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எதற்குப் பொய் சொன்னேன்? அந்த அறையிலாவது அவளுக்கு மூன்று வயதாக இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சென்னை டாக்டர் நல்ல மனிதர். பரிசோதனை எல்லாம் முடிந்து பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், சத்தம் கேட்கும், ஆனால் இத்தனை வருஷம் எதையும் கேட்காததால் அதைப் பேச்சாகப் புரிந்துகொள்வது ரொம்பக் கஷ்டம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, சின்னதுலயே ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?"

"நல்லாத் தூங்குச்சு சார்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மகளைக் காது கேளாதோர் பள்ளியில் ஹாஸ்டலோடு சேர்த்தேன். அங்கே அவள் கைபாஷையில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். லீவுக்கு வரும்போது கூடவே தோழி யாராவது வந்தால் இரண்டு பேரும் கையாலேயே பேசிச் சிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பத்தில் ஒன்றுதான் புரியும். என்ன சிரிப்பு என்று கேட்டால் சும்மா என்று கையை ஆட்டிவிடுவாள். பெற்றவள் நான், விருந்தாளி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் நான் தட்டும் கரண்டியுமாகப் பட்டறைத் தெருக்களில் அலைய ஆரம்பித்தேன். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் நிற்கும்போது போய் நிற்பேன். குழந்தையின் முதுகுப் பக்கம் தட்டைக் கையில் பிடித்துத் தட்டுவேன். பிள்ளை திடுக்கிட்டு அழும், தாய் என்னைத் திட்டுவாள். "தன் வூட்டு சனியன ஊரெல்லாம் எடுத்துகினு வர்றா" என்று என் காதுபடவே சொன்னார்கள். என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. திட்டட்டும். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

ஒரு நாள் கோவளத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஏழு மாதக் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டினேன். ஓங்கித் தட்டினேன். என் காதே வலித்தது.

"பாத்தியாக்கா, அசையவே இல்ல" என்று அவள் சிரித்தாள். "என்னாத்துக்கும் எந்திரிக்காது. நல்லாத் தூங்குற புள்ள."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கிக் காலைல மொத பஸ்ஸுக்கு ரெடியா இரு. செங்கல்பட்டு போவணும்."

"எதுக்குக்கா?"

"சொல்றேன். உன் வூட்டுக்காரு வராட்டியும் பரவால்ல. நீ தனியா போவாத. நானும் வரேன்."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குழந்தையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து சுவருக்கு அந்தப் பக்கம் மிஷினைப் போட்டார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.