பிக்கப்பின் முனகல்

போன மாதம் மகன் என்னைப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனான். வாசலில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை நிறுத்தி, பின்தட்டு முழுக்கச் செடி வளர்த்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். "அம்மா, என்ன பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க லா" என்று மகன் பல்லைக் கடித்தான். பின்சக்கரங்களுக்கு நடுவில் பானை மாதிரி உருண்டிருக்கும் இரும்பு, துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை, வாசமும் இல்லை.

அந்தப் பானைக்குள் ஊற்றும் எண்ணெயின் வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அழுகின முட்டையில் பெருங்காயத்தைக் கரைத்தால் கிட்டத்தட்ட அதுதான். அந்த நாற்றத்தோடு இரண்டு வாரம் குடும்பம் நடத்தியவள் நான். சோற்றில் அது, தலையணையில் அது, என் கணவரின் நகக்கண்ணில் அது. அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு யாராவது ஒரு புட்டியில் பிடித்துக் கொடுத்தால் திறந்து திறந்து மோந்துகொண்டிருப்பேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான் தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் பிறை என்ற ஊருக்குப் போவேன். மின்னணுச் சாமான்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று அவர் கேலி செய்வார். அவருக்குத் தேங்காய் ஏற்றும் வேலை. அக்கரைத் தோட்டங்களில் வாங்கி, ஃபெரியில் தன் பிக்கப் வண்டியோடு ஏறி, இக்கரையில் கொண்டுவந்து போடுவார். அந்த நாளில் ஃபெரியின் கீழ்த்தட்டில் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கடலைக் கடக்கலாம்.

பினாங்கில் தைப்பூசம் என்றால் தேங்காய்தான். ரதம் வரும் வழியெல்லாம் மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். உடைத்த தண்ணீரில் தெருவே வழுக்கும். அந்த வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வண்டி தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றினார். சாமிக்குப் போகிற தேங்காய், சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு. சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், பின்பக்கம் கடகடவென்று அலறி வண்டி நின்றுவிட்டது.

அவர் கல்யாணத்துக்கு முன்பு பட்டறையில் வேலை பார்த்தவர். பின்சந்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, தானே பிரித்தார். அந்தப் பானைக்குள் இருந்து, என்ஜினின் சுழற்சியை வாங்கிப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் போயிருந்தது.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகல. பேரிங்தான் போச்சு" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவ தேங்கா போய்ச் சேரலன்னா அடுத்த வருசம் யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. சிங்கப்பூர்ல பட்டறை வேலைக்கு ஆள் கேக்குறாங்க. போயிட வேண்டியதுதான்."

போனால் வருடத்துக்கு ஒரு முறை வருவார். அந்த மாடியில் நான் தனியாக என்ன செய்வேன்? வண்டி ஓட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டவள் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புது பேரிங் வாங்கப் போனார். கழற்றிய சாமான்கள் பழைய பேப்பரில் பரப்பிக் கிடந்தன. பெரிய பல்சக்கரம் இம்மியும் நகராமல் இருக்க, இரண்டு பக்கமும் காகிதம்போல மெல்லிய இரும்பு வில்லைகளை அடுக்கியிருப்பார்கள். அவையும் கறுப்பாக இரண்டு குவியலாகக் கிடந்தன. எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லாவற்றையும் கெரசினில் போட்டு அலசி, துடைத்து, எங்கள் தொழிற்சாலையில் வைப்பதுபோல் பெரியது சிறியதாக ஒரே வரிசையில் அடுக்கிவைத்தேன். பாராட்டுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தேவி, எது இடதுபக்கம், எது வலதுபக்கம்?"

"அப்படியெல்லாம் இருக்கா?"

"நீ அழுக்க மட்டும் கழுவல. அளவையும் சேத்துக் கழுவிட்ட."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கையாலேயே அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டேன் என்று பின்சந்தில் நின்று அழுதேன்.

மறுநாள் எங்கள் லைன் லீடர் அக்காவிடம் போய் நின்றேன். மயிரிழை அசைவையும் ஊசியால் காட்டும் டயல் கேஜ் ஒன்று அவர் மேசையில் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எடுத்துட்டுப் போ லா. புருசன் ஊர்ல இருந்தாத்தான் நீ ஒழுங்கா வேலைக்கு வருவ" என்றார்.

அன்று மாலையிலிருந்து நாங்கள் இருவரும் பின்சந்தில்தான். அவர் வில்லையை மாற்றுவார், நான் ஊசியைப் பார்த்துச் சொல்வேன். பல்லோடு பல் எங்கே படுகிறது என்று பார்க்கப் பட்டறையில் ஒரு மை தடவுவார்களாம். அது கிடைக்கவில்லை. சாமி மாடத்துக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். சக்கரத்தைச் சுற்றினால் ஒவ்வொரு பல்லிலும் சிவப்பாகப் பதியும். பல்லின் நடுவில் பதிய வேண்டும். அது ஓரத்துக்கு ஓடும். கழற்று, மாற்று, பூசு, சுற்று. நான்கு நாள் அப்படியே போயிற்று. எங்கள் இருவர் முகத்திலும் குங்குமம். மனம் விட்டுச் சொல்கிறேன், என் கல்யாண நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

கடைசியில் பதிவு நடுவுக்குக் கிட்டே வந்தது. கிட்டேதான், நடுவில் இல்லை. "போதும், நேரமில்ல" என்று பூட்டினார். வண்டி ஓடியது. தேங்காய் எல்லாம் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் வண்டி முனகியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கத்திலிருந்து 'ஊ...' என்று மெல்ல ஒரு சத்தம். "அடுத்த மாசம் பிரிச்சுச் சரி பண்ணிடுறேன்" என்பார். முப்பது வருடம் அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. நானும் பிரிக்க விடவில்லை. சாயங்காலம் அவர் ஃபெரியிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதே அந்த முனகல் மாடிக்குக் கேட்கும். கேட்டதும் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். அவர் படியேறி வரவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

இப்போது ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. அந்த மாடி ஹோட்டலாகிவிட்டது. நான் மகனோடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அவர் போய் ஆறு வருடம். வண்டியைப் பழைய வண்டிகள்மேல் ஆசையுள்ள ஒரு தம்பிக்குக் கொடுத்தோம். நல்ல பிள்ளை. சில மாதம் கழித்து அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். சாயம் பளபளத்தது.

"ஆன்ட்டி, பின்னால ஒரு சத்தம் இருந்துச்சில்ல? மொத்தமா பிரிச்சு, புதுசா செட் பண்ணிட்டேன். இப்ப சுத்தமா கேக்கவே கேக்காது."

ஓட்டியும் காட்டினார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது. உண்மைதான், எதுவுமே கேட்கவில்லை.

"நல்லதுப்பா" என்றேன்.

அந்தத் தம்பி வீடு இந்தப் பக்கம்தான். தினமும் சாயங்காலம் இந்த வழியாகத்தான் போகிறாராம். எப்போது போகிறார் என்று எனக்குத் தெரிவதில்லை.