பன்னிரண்டாவது வளைவில் நான் ஓட்டவில்லை

சிறுமலைக்கு ஏறும் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமையானால் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் காரில் வந்து, வளைவுக்கு வளைவு இறங்கி நின்று படம் எடுப்பார்கள். எனக்கு அது வேலைக்குப் போகிற பாதை. மலைமேல் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போட்டதிலிருந்து நாலு வருஷம், என் பழைய காரை நானே ஓட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்கினேன். எங்கே முதல் கியருக்கு வர வேண்டும், எங்கே ஹாரன் அடித்துவிட்டு ஒரு நொடி காத்திருக்க வேண்டும், மழை பெய்தால் எங்கே கல் உருண்டு கிடக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

என் கணவர் வளைகுடாவில் பல வருஷமாக வேலையில் இருந்தார். ஒரு பெருநாளுக்கு லீவில் வந்திருந்தபோது அவருடைய அம்மா, என் மாமி, ஆசைப்பட்டார்கள். "நீ தினம் போற மலைய நாங்களும் ஒருக்கா பாத்துட்டு வாரோமே."

பிரியாணியைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பினோம். பின்னால் மாமியும் நாத்தனாரும். அடிவாரச் செக்போஸ்ட் வரை நான்தான் ஓட்டினேன். இறங்கிப்போய் நோட்டில் வண்டி நம்பர் எழுதிவிட்டுத் திரும்பினால், அவர் என் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், ஒடுக்கமான ரோடு. பழகின கை வேணும். நானே ஓட்டுறேனே."

"நான் அங்க ஓட்டாத வண்டியா?"

மாமி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். "அவன் ஓட்டட்டும்மா. ஆம்பளைய பக்கத்துல உக்கார வச்சு நீ ஓட்டிட்டுப் போனா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

சாவியைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

வளைகுடாவில் அவர் ஓட்டியது கியர் இல்லாத வண்டி. அங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அவர் கை வலப்பக்கமே போனது. "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். கீழே ஊரும் மலைக்கோட்டையும் சின்னதாகத் தெரிந்தன. நாத்தனார் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது வளைவில் அவர் ஹாரன் அடிக்காமல் வலப்பக்கமாகத் திருப்பினார். எதிரே வாழைத்தார் ஏற்றிய ஜீப்.

ஜீப்காரர் எங்கள்மேல் மோதாமல் இருக்கத் தன் வண்டியைப் பாறையில் கொண்டுபோய் இடித்தார். எங்கள் காரின் முன்பக்கம் உரசி நசுங்கியது. எங்களில் யாருக்கும் கீறல்கூட இல்லை. ரோடெல்லாம் வாழைத்தார். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஜீப்காரர் இறங்கி வந்தார். என் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அப்பா.

"டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கணவர் என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "நீ ஓட்டுனேன்னு சொல்லிரு. எனக்கு இங்க லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. கேஸாயிட்டா நான் திரும்பிப் போகவே முடியாது."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எம்புள்ள பொழப்பு போயிரும்மா."

ஸ்டேஷனில் நான் ஓட்டியதாக என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். கையில் கட்டோடு வந்த ஜீப்காரர், "யாரு ஓட்டுனாங்கன்னு கவனிக்கல சார்" என்று மட்டும் சொன்னார். மோதுவதற்கு முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என் முகத்தை அவர் நேராகப் பார்த்திருந்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சில மாதங்களுக்கு என் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கணவர் லீவு முடிந்து விமானம் ஏறினார். காரை விற்கச் சொன்னது மாமிதான். "பொம்பளைக்கு எதுக்கு மலை ரோடு?" என்றார்கள். நான் மலை பஸ்ஸில் நின்றுகொண்டு போக ஆரம்பித்தேன்.

ஜீப்காரரின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாமல் ஜீப்பை விட்டுவிட்டு, தோட்டத்தில் தார் எண்ணும் வேலைக்குப் போனார். ஒருநாள் மதியம் அவருடைய பெண் நோட்டோடு என் மேஜைக்கு வந்தாள். நான் திருத்தி முடித்தபிறகும் போகவில்லை.

"டீச்சர், நீங்கதான் எங்கப்பா ஜீப்ப இடிச்சீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கப்பா மட்டும் நீங்க இல்லேங்கிறாரு."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான்தாம்மா" என்றேன்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப்பிறகு நோட்டைத் தோழியிடம்தான் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த லீவில் கணவர் வந்தபோது சொந்தத்தில் ஒரு நிக்காஹ். மண்டபத்தில் சாப்பிட்டு முடித்து, உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மலைக்குப் போய் வரலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"இவளக் கூட்டிட்டா?" என்று அவர் ஆரம்பித்தார். "நான் பக்கத்துல உக்காந்து இடது, இடதுன்னு கத்துறேன். காதுலயே வாங்கல. நேரா வலது பக்கம் போயிட்டா. அல்லா காப்பாத்துனான்."

மாமி தலையாட்டினார்கள். "ஓட்டுனது நீங்க. கத்துனது நானு" என்றேன்.

அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். "பழியத் தூக்கி அண்ணன் தலையில போடுறாளே" என்று நாத்தனார் என் தோளைத் தட்டினாள். அவள் எடுத்த வீடியோவில் ஸ்டியரிங்கும் அவர் கையும் இருந்தன. விபத்தான அன்றைக்கே அதை அழித்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நாலு பேருக்கு முன்னாடி நடந்ததச் சொல்லலாமா?"

மறந்துவிட்டு அப்படிப் பேசுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.