பானெட்டில் பாதி

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தேய்ப்பக்கா என்று பெயர். மூன்றாவது மாடியின் தரையும் ட்ரேக்களும் கழிப்பறைகளும் இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. கறை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வேறு யாராவது தூசியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே வாசனைத் திரவத்தைத் தெளித்துச் சமாளித்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான். பெரிய டாக்டரே ஒருமுறை ஈரத் தரையில் செருப்போடு வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவளின் வாசலில் மருமகன் தன் காரை மூன்று நாளைக்கு நிறுத்திவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஆகக் கூடாதது ஆயிற்று.

மருமகன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பத்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, இந்த வருஷம்தான் கருநீலத்தில் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தான். மகள் இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, "போயும் போயும் ஒரு டிரைவரா?" என்று இவள் கேட்டுவிட்டாள். அவன் காதுபடவே கேட்டுவிட்டாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. மரியாதையாகப் பேசுவான், வாசலோடு கிளம்பிவிடுவான். சாப்பிடுங்க மாப்பிள்ளை என்றால், "இப்பதான் சாப்பிட்டேன் அத்தை" என்பான். நாலு வருஷமாக அவன் இப்பதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் அவள் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள்.

அந்த மருமகன் தானாகவே வந்து, "நாங்க ரயில்ல போறோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுவோம். வண்டிய நீங்க பாத்துக்கங்க அத்தை" என்று சாவியைக் கையில் கொடுத்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், பக்கத்து வீட்டிலிருந்து நீண்ட மரக்கிளையின் பிசின் காரின் முன்மூடியான பானெட்டில் சொட்டிக் காய்ந்திருந்தது. பளிச்சென்று ஆக்கி வைப்போமே என்று பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்தாள். பிசின் போயிற்று. அதோடு விட்டாளா? கை வைத்தது வைத்தோம் என்று பானெட் முழுவதையும் தேய்த்துக் கழுவினாள். வெயில் ஏறியதும் வந்து பார்த்தால், சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல். தெரியாமல் செய்தாள் என்று யார் நம்புவார்கள்? டிரைவர் என்ற இளக்காரத்தில் வேண்டுமென்றே செய்தாள் என்றுதானே அவன் நினைப்பான்?

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கார் சாமான் கடைக்குப் போனாள். அலமாரி நிறைய பாட்டில்கள், எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன. "கீறல் போகணும். இருக்கறதுலயே பலமானதாக் குடுங்க" என்றாள், ஆஸ்பத்திரிப் பழக்கத்தில்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கீறல்மேல நகத்த ஓட்டிப் பாத்தீங்களாம்மா? மாட்டுதா?"

"மாட்டல. வழுக்கிட்டுப் போகுது."

"அப்ப பொழச்சீங்க. பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கீறல் அதுலதான். பாலிஷ்ங்கறது அந்தப் பூச்சையே துளித்துளியாத் தேய்ச்சு எடுக்கறது. முரட்டு ரகத்த உங்க கையில குடுத்தா பெயிண்டையே உரிச்சிடுவீங்க. முதல்ல மென்மையானதப் போடுங்க. போகலன்னா இந்த நடு ரகம், அதுக்கப்புறம் திரும்ப மென்மையானது. உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுப் பாத்துட்டு மேல போங்க. வெயில்ல மட்டும் தேய்க்காதீங்க."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"மெஷின் இல்லாம, கையாலயா? சந்தேகம்தான்." அவர் குரலைத் தாழ்த்தி மூன்றாவதாக ஒரு டப்பாவை நகர்த்தினார். "அவசரம்னா இந்த மெழுகு. கீறலுக்குள்ள போய் அடைச்சுக்கும். அரை மணி நேர வேலை. நாலு மழை வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். நாலு மழைக்குள் அந்த வண்டி எத்தனை தெருவில் நிற்கும், எத்தனை பேர் கழுவுவார்கள்! பழி தன்மேல் வரவே வராது. மூடியைத் திறந்தாள். கமகமவென்று வாசனை அடித்தது. அந்த வாசனைதான் காரியத்தைக் கெடுத்தது.

"வேண்டாங்க" என்று திருப்பி வைத்தாள். "எங்க மாடியில யாராவது இந்த வேலையப் பண்ணா நான் சும்மா விடமாட்டேன்."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நிழலுக்கு வண்டியைக் கொண்டுபோகாமல், நிழலை வண்டிக்குக் கொண்டுவந்தாள். ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு போர்வைகளை இழுத்துக் கட்டினாள். மென்மையான பாலிஷில் கீறல் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். நடு ரகத்தைப் போட்டு, பிறகு மறுபடி மென்மையானதால் தேய்த்துத் துடைத்ததும், உள்ளங்கை அகலத்தில் அவள் முகமே தெரிந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? துணியை எட்டாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானால் மறுபக்கம் என்று ஆஸ்பத்திரிக் கணக்கில் வேலை நடந்தது. பொழுது சாயும்வரை தேய்த்தாள். ஞாயிறு விடிந்ததும் மறுபடி தேய்த்தாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. பாதி பானெட் முடிந்திருந்தபோது, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இருவரும் வந்து நின்றார்கள்.

மகள்தான் முதலில் பார்த்தாள். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நாலு வருஷமாகியும் உனக்கு அவர்மேல இருக்கற ஆத்திரம் அடங்கலயா?"

எதற்குப் பயந்தாளோ அதைப் பெற்ற பெண்ணே சொல்லிவிட்டாள். "பிசின எடுக்கறேன்னு நார வெச்சுத் தேய்ச்சிட்டேன் மாப்பிள்ளை. சத்தியமா வேணும்னு பண்ணல."

அவன் குனிந்து, கீறல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். பிறகு பாட்டில்களையும், அடுக்கி வைத்திருந்த எட்டு மடிப்புத் துணிகளையும் பார்த்தான்.

"கடையில மெழுகு காட்டலயா அத்தை?"

"காட்டினாங்க."

"அதப் பூசியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. கார் கழுவற எவனையாவது பிடிச்சுத் திட்டியிருப்பேன்."

"எனக்குத் தெரியுமே மாப்பிள்ளை." கையிலிருந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்களப் பத்திக் கேட்டேனே, அது தப்பு. அதுவும் எனக்கு நாலு வருஷமாத் தெரியும்."

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கி, செருப்பைக் கழற்றினான்.

"மீதிய வெயில் தாழ்ந்ததும் ரெண்டு பேருமா முடிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தான். "ரொம்பப் பசிக்குது அத்தை. சாப்பிட என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. விடிந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே அவள் போகவில்லை. விழுந்தடித்துச் சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, கையக் கழுவிட்டு எதையும் தொடு!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போனாள் மகள்.