நிலவறையிலிருந்து வந்த ஒற்றை விளி

ஞானராஜ் அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் பாறசாலைச் சந்தையில் சாளை வாங்கிக்கொண்டிருந்தேன். மீனை அங்கேயே போட்டுவிட்டு அவர் ஊரான கொல்லயிலுக்கு ஓடினேன். பஸ்ஸே எனக்குப் பின்னால்தான் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிந்த கோட்டை என்று கேள்விப்பட்டால் போதும், டேப்பும் நோட்டுமாகக் கிளம்பிவிடுவார். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சரித்திரத்தில் நான் பத்து புரொபசருக்குச் சமம். ஒற்றசேகரமங்கலத்துக்கு மேலே, காட்டுக்குள் கிடந்த ஒரு கோட்டைக்கு இருவரும் போனோம். உச்சி வெயில். ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

“எழுநூறு ஆனை கெட்டின எடமாக்கும் அண்ணே,” என்றேன்.

“எலே, ஒனக்க வாயில கெட்டலாம் எழுநூறு ஆனை.” நிலவறை வாசலில் குனிந்து, தாழ் மாட்டும் துளையைக் காட்டினார். “பாத்தியா மக்கா, தாழு வெளிய உண்டு. உள்ள கெடந்தவன் ராஜா இல்ல.”

அவர் அளக்க உள்ளே இறங்கினார். நான் வெளியே நின்றேன், காவலுக்கு.

கல் சரிந்தது. புழுதி. உள்ளிருந்து, “எலே தங்கப்பா!” ஒரே ஒரு தடவை. அவர் குரல் மாதிரியே இல்லை.

நம் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? பாழடைந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது விளிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற நான், மீதி இரண்டு விளிக்காகக் காத்து நின்றேன். வரவில்லை.

சத்தம் கேட்டு, ரப்பர் பால் எடுக்க வந்த இருவர்தான் ஓடி வந்து கல்லைப் புரட்டினார்கள். அண்ணன் வாய் நிறைய மண். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பிறகு கல்யாண வீடுகளிலெல்லாம் அந்தப் பாறையை ஒற்றைக்கு நானே தூக்கினேன்; வருஷா வருஷம் அது வளர்ந்தது. அண்ணன் அன்று முதல் நொண்டிய காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் மறுத்துப் பேசவில்லை என்று ஒருமுறை தனியாகக் கேட்டேன்.

“நீ ஓடிப் போகல்லியே மக்கா. அங்கயே நின்ன இல்லியா? அது மதி, அதுவே போதும்.”

நேற்று அடக்கம் முடிந்ததும் அவர் மகள் என் கையைப் பிடித்து அழுதாள். “அப்பாக்க உசிரு மாமா தந்ததாக்கும்.”

அப்போதும் தலையாட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன்: தூக்கியது நானல்ல. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு விளி. இன்னும் அதற்கு நான் பதில் சொல்லவில்லை.