ஜரிகை தைத்த ராணுவச் சட்டை

பேருந்து நிலையத்து நடைபாதையில் குவித்துப்போட்டு விற்ற பழந்துணிகளுக்குள் அந்த ராணுவச் சட்டை எனக்குக் கிடைத்தது. சட்டைக் கையில் மூன்று பட்டைகள் வெளுத்துப்போயிருந்தன. நெசவாளி புத்தி சும்மா இருக்குமா? தறியில் மிஞ்சிய ஜரிகையை அவற்றின்மேல் நெருக்கமாகத் தைத்து மின்ன வைத்தேன். அந்தப் பட்டைகள் யாருடைய பதவியைக் குறிக்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் எல்லையில் சண்டை நடந்தபோது, ஊரின் மறுகோடியில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் உடல் வந்தது. மரியாதை செய்வதாக நினைத்து, வேகிற வெயிலில் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கூட்டம் வழிவிட்டு, என்னைத் தாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"என் புள்ளகூட இருந்தியாப்பா? கடைசியா எதுனா சொன்னானா?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "உங்களத்தாம்மா கேட்டுக்கினே இருந்தாரு" என்றேன்.

அழுதபடி என் கையைத் தடவினார். பட்டைக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. வாழ்நாளெல்லாம் ஜரிகை சுற்றிய விரல்கள். நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தார்.

"இது நம்ம தறி ஜரிகையாச்சே" என்றார். குரலில் கோபமே இல்லை. என் முகத்தையே பார்த்தபடி கேட்டார்:

"அப்ப, அவன் என்னைக் கேக்கலயாப்பா?"